கையைக் கட்டிப்போடச் சொல்கிறவருக்கு

தோலை நோண்டி நோண்டிப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு வந்திருப்பது நோய் அல்ல, கொழுப்பு என்கிறது சென்ற இதழில் வந்த கட்டுரை. வேலைவெட்டி இல்லாத கை, செல்போனை விட்டு நகராத கண், கண்டிக்கத் தெரியாத பெற்றோர், எதற்கெடுத்தாலும் ஒரு பெயர் சூட்டி மாத்திரை எழுதும் மருத்துவர்கள், இவையெல்லாம் சேர்ந்து உண்டாக்கிய கற்பனை வியாதி என்று கட்டுரையாளர் தீர்ப்பெழுதியிருக்கிறார். தீர்ப்போடு தண்டனையையும் சொல்லிவிட்டார். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டுமாம். விரலில் வேப்பெண்ணெய் தடவ வேண்டுமாம். அதற்கும் அடங்காவிட்டால் இரவில் கையைக் கட்டிப்போட வேண்டுமாம். உறவினர் நாலு பேர் இருக்கும்போது முகத்தைக் காட்டிக் கேட்டால் வெட்கம் வந்து தானாக நிற்குமாம்.

இதை யாராவது திண்ணையில் உட்கார்ந்து பேசியிருந்தால் கேட்டுவிட்டு எழுந்து போயிருப்பேன். அச்சில் வந்ததை அப்படி விட முடியவில்லை. என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தியின் அப்பா அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். சித்தப்பா, அத்தை, அத்தை மகன் எல்லாரும் இருக்கிற குழு. கீழே அவள் பெயரைக் குறிப்பிட்டு, படித்துப் பார் என்று ஒரு வரி. அன்றிரவு வெகுநேரம் அவள் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறாள். மறுநாள் துப்பட்டாவால் இரண்டு கன்னத்தையும் மூடிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். வெட்கம்தான் மருந்து என்கிறார் கட்டுரையாளர். அந்த மருந்து வேலை செய்த லட்சணத்தை நான் நேரில் பார்த்தேன். அதனால் இந்தப் பதிலில் தயவு தாட்சண்யம் இருக்காது.

பொருக்கைப் பெயர்க்காதவர் உண்டா, நகக்கண் ஓரத்தில் கிளம்பிய தோலை இழுக்காதவர் உண்டா, எல்லாரும் செய்வது எப்படி நோயாகும் என்று கேட்டுத் தொடங்குகிறார். எல்லாரும் செய்கிறோம், உண்மைதான். விடைத்தாள் திருத்தும்போது நானும் கட்டைவிரல் ஓரத்தைப் பிய்க்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியை மருத்துவம் அவருக்கு முன்பே கேட்டுக்கொண்டு, பதிலும் எழுதிவைத்திருக்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் 5-ஆம் பதிப்பு, தோல் நோண்டும் கோளாறை முதன்முறையாகத் தனி நோயாகப் பட்டியலிட்டது. ஓசிடி என்று பலரும் அறிந்திருக்கும் நோயின் குடும்பத்தில் அதைச் சேர்த்தது. யாருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொல்லலாம் என்பதற்கு அங்கே நிபந்தனைகள் உண்டு. திரும்பத் திரும்ப நோண்டியதால் புண் உண்டாகியிருக்க வேண்டும். நிறுத்தவோ குறைக்கவோ பலமுறை முயன்றிருக்க வேண்டும். படிப்பிலோ வேலையிலோ நாலு பேரோடு பழகுவதிலோ அதனால் பாதிப்பு இருக்க வேண்டும், அல்லது மனசுக்குள் பெரும் வேதனை இருக்க வேண்டும். சிரங்கு போன்ற தோல்நோயோ, போதைப்பொருளோ, வேறொரு மனநோயோ அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது. என் கட்டைவிரலுக்கும் உங்கள் பொருக்குக்கும் இந்த வாசலில் அனுமதி கிடையாது. எல்லாரும் செய்வதை நோய் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றை மறுத்துவிட்டு வெற்றி பெற்றதாகக் கட்டுரையாளர் அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

அந்த நிபந்தனைகளைத் தாண்டுகிற ஒருவரை அவர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம். பருவத் தேர்வு ஒன்றில் மேற்பார்வைக்குப் போனபோது கடைசி வரிசையில் ஒரு பையனைக் கவனித்தேன். வலது கை எழுதிக்கொண்டிருந்தது. மேசைக்குக் கீழே இடது கையின் ஆள்காட்டி விரல், கட்டைவிரலின் நகக்கண்ணைத் தோண்டிக்கொண்டே இருந்தது. அவன் அந்தக் கையை ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை. நகத்தைச் சுற்றி முதல் கணு வரைக்கும் மேல்தோலே கிடையாது, ரோஜா நிறத்தில் ஈரமாக இருந்தது. ரத்தம் கசிந்ததும் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துடைத்துக்கொண்டான். வெளியே தெரியாமல் துடைக்கப் பழகிய கை அது. கூடுதல் தாள் கேட்டான். கொண்டுபோனேன். வாங்குவதற்கு இடது கையை நீட்டியவன் சட்டென்று இழுத்துக்கொண்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டு வலது கையால் வாங்கினான். விடைத்தாளின் ஓரத்தில் காய்ந்த பழுப்புப் புள்ளி ஒன்று இருந்தது. அதன்மேல் அடிமட்டத்தை வைத்து மறைத்துக்கொண்டான்.

இது தன்னையறியாமல் நடக்கும் வகை. இன்னொரு வகை, மனம் முழுக்க அதிலேயே குவிந்து நடப்பது. துப்பட்டா போட்டு வந்த மாணவி எனக்குச் சொன்னது அதைத்தான். விடுதிக் குளியலறைக் கண்ணாடி, அதன் தலைக்கு மேல் டியூப்லைட். பல் துலக்கப் போகிறாள். தாடையில் ஒரு சின்ன முனை விரலுக்குத் தட்டுப்படுகிறது. அதை மட்டும் எடுத்துவிடலாம் என்று தொடங்குகிறாள். எடுத்த இடம் சமமாக இல்லை. சமமாக்கப் போய்ப் பக்கத்தில் இன்னொன்று. ஊக்கு முனை, முடிக்கு மாட்டும் கிளிப், எது கைக்குக் கிடைக்கிறதோ அது. அறைத்தோழி கதவைத் தட்டும்போதுதான் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போய்விட்டது தெரிகிறது. அந்த ஒரு மணி நேரமும் வலியே தெரியாதாம். மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் எல்லாம் நின்றுபோயிருக்குமாம். கதவைத் திறந்து வெளியே வந்த பிறகுதான் எரிச்சலும் அருவருப்பும் அழுகையும். இதைத் திமிர் என்று எழுதிய கையை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் அடுக்கும் காரணங்களில் செல்போனுக்கு முதலிடம். இந்தத் தலைமுறைக்கு முன்னால் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார். அவர் கேள்விப்படாதது நோயின் குற்றம் ஆகாது. இங்கிலாந்தின் தோல் மருத்துவர் எராஸ்மஸ் வில்சன், தம் தோலைத் தாமே கீறிப் புண்ணாக்கிக்கொள்ளும் நோயாளிகளைப் பற்றி எழுதி அதற்கு ஒரு மருத்துவப் பெயரும் கொடுத்தது 1875-இல். இதை அடக்குவது மிகவும் கடினம் என்பதையும் அவர் அப்போதே பார்த்திருந்தார். கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கியதே அடுத்த வருஷம்தான். 1898-இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் லூயி ப்ரோக், முகப்பருவைக் கிள்ளிக் கிள்ளிப் பருவைவிடப் பெரிய காயமாக்கிக்கொள்ளும் இளம்பெண்களைத் தனியாகவே விவரித்திருக்கிறார். ஆக, பருவ வயது, முகப்பரு, விடமுடியாத விரல் என்கிற சேர்க்கை அன்றைக்கே மருத்துவர்களின் கண்ணில் பட்டுவிட்டது. பெரும்பாலோருக்கு இது தொடங்குவதும் அந்த வயதில்தான், ஒரு பருவிலோ தோல் அரிப்பிலோதான். பரு ஆறிப்போன பிறகும் விரல் ஓயாதபோது அது வேறொன்றாக மாறியிருக்கிறது.

மேல்நாட்டார் கண்டுபிடித்த வியாதி, வசதி படைத்தவர் வீட்டு வியாதி என்று இன்னோர் இடத்தில் எழுதுகிறார். கராச்சியில் மூன்று மருத்துவக் கல்லூரிகளில் 210 மாணவர்களிடம் கேட்டறிந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தோலை நோண்டும் பழக்கம் 9 சதவீதம் பேரிடம் இருந்தது. நம் மண்ணுக்கு அடுத்த மண், நம்முடையதைப் போன்றே கூட்டுக்குடும்பமும் கண்டிப்பும் உள்ள சமூகம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் 1,916 மாணவர்களிடம் கேட்டு 2013-இல் வெளியான ஆய்வில், நோய் என்று சொல்லத்தக்க அளவில் 4.2 சதவீதம். கேட்ட முறையும் அளந்த கோலும் வேறு வேறு, ஆகவே இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஆனால் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பறையில் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள் என்று எதிர்பார்க்க இந்த எண்கள் போதும். உலகச் சுகாதார நிறுவனமும் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் இதைச் சேர்த்து, 2022 ஜனவரியிலிருந்து அது நடைமுறைக்கு வந்துவிட்டது.

இனி அவருடைய கட்டுரையின் முதுகெலும்புக்கு வருகிறேன். மன உறுதி இருந்தால் நிறுத்திவிடலாம், நிறுத்தாதவர்கள் நிறுத்த விரும்பாதவர்கள் என்கிறார். நோயறிதல் கையேட்டின் இரண்டாவது நிபந்தனையை இங்கே மறுபடியும் படிக்க வேண்டும். நிறுத்தப் பலமுறை முயன்றிருக்க வேண்டும் என்பது இந்த நோயின் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது. முயலாதவருக்கு இந்த நோய் இருப்பதாகவே சொல்ல முடியாது. அதாவது கட்டுரையாளர் அறிவுரை சொல்வதற்கு முன்பே அவர் அறிவுரையைக் கடைப்பிடித்துப் பார்த்து, முடியாமல், மறுபடி கடைப்பிடித்து, மறுபடி முடியாமல் போனவர்கள்தான் இவர்கள். நகத்தை ஒட்ட வெட்டிப் பார்த்தவர்கள். கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டி மறைத்தவர்கள். சாமி மேல் சத்தியம் செய்தவர்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தி விரல் பத்துக்கும் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு படுப்பாள், தூக்கத்தில் பல்லால் பிரித்துவிடுவாள். இளைப்பு வந்து திணறுகிறவனைப் பார்த்து ஒழுங்காக மூச்சு விடு என்று அதட்டுவதற்கும் இவர்களிடம் மன உறுதி வேண்டும் என்று உபதேசிப்பதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

மன உறுதிக்கு அப்பால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு தெரிந்த விஷயமே. பிரிட்டனில் இரட்டைப் பிறவிகளாகப் பிறந்த பெண்கள் 2,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2012-இல் வந்தது. இந்தப் பழக்கம் ஒருவருக்கு இருப்பதற்கும் இன்னொருவருக்கு இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டில் சுமார் 40 சதவீதத்துக்கு மரபணுக்களே பொறுப்பு என்று அதில் தெரிந்தது. அதற்கும் முன்னால், 2007-இல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் குவோபிங் ஃபெங் குழுவினர் சாபாப்3 என்ற ஒரே ஒரு மரபணு இல்லாத சுண்டெலிகளை வளர்த்தார்கள். அந்த எலிகள் முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தன, முடி உதிர்ந்து, தோல் கிழிந்து, புண்ணாகும் வரைக்கும். ஃப்ளுவாக்ஸெட்டின் மருந்து கொடுத்ததும் குறைந்தது. மூளையின் அடியாழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் அந்த மரபணுவைத் திரும்பச் சேர்த்தபோதும் குறைந்தது. எலி வேறு, மனிதன் வேறு, அறிவேன். நம் பிள்ளைகளின் துன்பத்தை ஒரு மரபணுவில் அடக்கிவிட முடியாது. ஆயினும் தன்னைத் துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும் சாதாரணச் செயல் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்காமல் போவதற்கு மூளையில் ஒரு வழி இருக்கிறது என்பதை அது காட்டிவிட்டது. அந்த எலிகளுக்குச் சோம்பலும் கிடையாது, வளர்ப்புச் சரியில்லாத பெற்றோரும் கிடையாது.

பெண்பிள்ளைகளின் அழகுப் பைத்தியம் என்று அவர் எழுதிய வரியைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அழகுக்காகவா ஒருத்தி தன் முகத்தைத் தானே கிழித்துக்கொள்கிறாள்? முதுகில், தொடையில், குதிகால் வெடிப்பில், உச்சந்தலையில், யார் கண்ணும் படாத இடத்தில் நோண்டுகிறவர்கள் எந்த அழகுக்காகச் செய்கிறார்கள்? சிகிச்சைக்கு வருகிறவர்களில் பெண்கள் அதிகம் என்பது மெய். ஆனால் அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்களிடம் எடுத்து 2020-இல் வெளியான கணக்கில், இந்த நோய் இருந்தவர்களில் பெண்கள் 55 சதவீதம்தான். மீதி ஆண்கள். அவர்கள் மருத்துவரிடம் போவதில்லை, தாடி வளர்த்துக்கொள்கிறார்கள், கையைப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். தேர்வுக்கூடத்தில் நான் பார்த்த பையன் அவருடைய கட்டுரையில் எங்குமே இல்லை.

பெற்றோரை மிரட்டிக் காரியம் சாதிக்கப் பிள்ளைகள் பிடிக்கும் வழி என்றும் சொல்லியிருக்கிறார். மிரட்டுகிறவர் காயத்தைக் காட்டுவார். இவர்கள் ஏப்ரல் வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கிறார்கள். பாட்டி தலையில் எண்ணெய் வைக்க வந்தால் ஓடுகிறார்கள், சடைக்குள் இருக்கும் புண் தெரிந்துவிடும் என்று. தன்னை வருத்திக்கொள்வதற்காகக் கையைக் கீறிக்கொள்வது ஒன்று, இது வேறொன்று. இங்கே பெரும்பாலும் நோக்கம் வலி கிடையாது. உள்ளே ஏறிக்கொண்டே போகும் ஒரு பதற்றம் இறங்க வேண்டும், அல்லது கைக்கு உறுத்துகிற ஒன்று சமமாக வேண்டும், அவ்வளவே. இரண்டும் ஒருவரிடமே இருக்கவும் கூடும். மனச்சோர்வும் பதற்ற நோயும் இதோடு சேர்ந்தே வருவது அடிக்கடி நடக்கிறது. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டிய இடத்தில் மிரட்டல் என்று முத்திரை குத்தி வீட்டுக்குள் பூட்டச் சொல்கிறது இந்தக் கட்டுரை. தற்செயலாகக்கூட இதைவிட ஆபத்தான யோசனையைச் சொல்ல முடியாது.

வெட்கப்படுத்தும் வைத்தியத்துக்கு வருவோம். பதற்றம் ஏறுகிறது, விரல் போகிறது, கொஞ்சம் நிம்மதி, உடனே அவமானம். அந்த அவமானமே அடுத்த பதற்றத்துக்கு விறகு. இந்தச் சுழலை அனுபவிக்கிற யாரைக் கேட்டாலும் இதே வரிசையில் சொல்வார்கள். இதற்குள் குடும்பம் என்ன போடுகிறது என்று பாருங்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காருவதற்கு முன்பே, என்னடி மூஞ்சி இப்படி ஆயிடுச்சு என்று ஒரு பெரியம்மா. இப்படியே இருந்தா யாரு வந்து பொண்ணு கேப்பாங்க என்று ஒரு மாமா. மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப எடுத்த படத்தில் ஸ்டுடியோக்காரர் கன்னத்தை வழித்துத் துடைத்துக் கொடுத்துவிடுவார், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நேரில் வருகிறவர்களை நினைத்தே அவள் இரவெல்லாம் நோண்டுவாள். நம் தோல் கறுப்பும் மாநிறமும். காயம் ஆறினாலும் அந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் நிற்கும். ஆக ஒரு இரவில் செய்ததற்கான விசாரணை தை மாதம் தொடங்கிச் சித்திரை வரைக்கும் ஓடும். இந்த வீட்டில் வெட்கம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் என்று சொல்கிறவருக்கு, அவர் எதன்மேல் எதை ஊற்றச் சொல்கிறார் என்று தெரியுமா?

அந்த வெட்கம் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மருந்துக்கடைக்கு. கறுப்பு போக ஒரு கிரீம் கொடுங்கண்ணே என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த ஒரு ட்யூப் வரும். இந்த ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கடையில் இன்றும் சீட்டு கேட்பவர் எத்தனை பேர்? பூசிய முதல் வாரம் முகம் வெளுக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, புதுப் பருக்கள் கிளம்பும். விரலுக்குப் புது வேலை கிடைத்துவிடும். ஒரு அம்மா மகளைத் தோல் மருத்துவரிடமே கூட்டிப்போயிருக்கிறார். அவரும் களிம்பு எழுதிக்கொடுத்து, கைய வச்சுக்கிட்டு சும்மா இரும்மா என்று அனுப்பிவிட்டார். இந்தப் புண் எப்படி வந்தது என்று அந்த அறையில் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. படித்த மருத்துவரும் கட்டுரையாளரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை.

தன் தரப்புக்கு ஆதாரமாக அவர் வைக்கும் ஒரு வாதம் மட்டும் கொஞ்சம் சாமர்த்தியமானது. உளவியல் நிபுணர்களும் கையை வேறு வேலையில் ஈடுபடுத்து என்றுதானே சொல்கிறார்கள், என் பாட்டி சொன்னதும் அதுதான், இதற்கு எதற்குக் கட்டணம் என்கிறார். பாட்டி மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அமெரிக்க உளவியலாளர்கள் நேதன் ஆஸ்ரினும் கிரெகரி நன்னும் 1973-இல் வெளியிட்ட பழக்க மாற்றுப் பயிற்சியை அவர் திறந்தே பார்க்கவில்லை. அதில் முதல் வேலை, கை எப்போது போகிறது என்பதைப் பிடிப்பது. பலருக்குக் கை போனதே தெரியாது என்று சொன்னேன் அல்லவா? எந்த நேரம், எந்த அறை, என்ன யோசனை, கை முதலில் எதைத் தடவுகிறது என்று நாள்தோறும் குறித்து வருவார்கள். ஆள்காட்டி விரல் தாடையைத் தடவத் தொடங்குவதுதான் முதல் அறிகுறி என்று ஒருத்தி கண்டுபிடிக்கவே வாரங்கள் ஆகும். அதன்பிறகு அந்த நொடியில் செய்ய ஒரு மாற்றுச் செயல்: முஷ்டியை மூடி இறுக்கி, உந்துதல் அடங்கும் வரை ஓரிரு நிமிஷம் வைத்திருப்பது மாதிரி, யாருக்கும் தெரியாமல் வகுப்பிலும் பேருந்திலும் செய்யக்கூடிய ஒன்று. இதோடு குளியலறை விளக்கை மாற்றுவது, கண்ணாடியிலிருந்து ஓரடி தள்ளி நிற்பது, தேர்வுக்குப் படிக்கும்போது விரலுக்கு உறை போடுவது போன்ற ஏற்பாடுகளும் சேரும். எல்லாவற்றுக்கும் மேல், கூட ஒருவர் வேண்டும். மாற்றுச் செயலை அவள் செய்யும்போது பார்த்துப் பாராட்டவும், மறந்தால் மெதுவாக நினைவூட்டவும் ஒருவர். திட்டுவதற்கு அதில் இடமே வைக்கவில்லை.

கையைக் கட்டுவதும் விரலுக்கு உறை போடுவதும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியலாம். ஒன்றில் அவள் தன் கையை அறிந்துகொண்டு தானே முடிவெடுக்கிறாள். மற்றதில் இன்னொருவர் அவளைக் கட்டிலோடு கட்டுகிறார். இருபது வயதுப் பெண்ணை. கட்டை அவிழ்த்த காலையில் அவள் கை எங்கே போகும் என்று யோசித்தாரா? கட்டிவைத்த இரவில் அவள் கற்றுக்கொண்டது, இந்த வீட்டில் இனி எதையும் சொல்லக் கூடாது என்பதை மட்டுமே.

மருந்துக் கம்பெனிகளின் சதி என்ற குற்றச்சாட்டுக்கு அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. இந்த நோய்க்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் கொடுத்த மருந்து ஒன்றுகூட இதுவரை கிடையாது. முதலில் பரிந்துரைப்பது மேலே சொன்ன பயிற்சியை, அதில் விற்க மாத்திரை இல்லை. 2016-இல் வெளியான சோதனையில் ஓரளவு பலன் காட்டிய மருந்து அசிட்டைல்சிஸ்டீன். சளியை இளக்கவும், பாராசிட்டமால் அளவு மீறினால் முறிவு மருந்தாகவும் எத்தனையோ காலமாக மருத்துவமனைகளில் இருக்கும் பழைய சரக்கு. அதைச் சாப்பிட்டவர்களில் 47 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 19 சதவீதம். அதாவது பாதிப் பேருக்கு மேல் அதனால் பெரிய மாற்றம் இல்லை. 2023-இல் மெமான்டின் என்ற இன்னொரு மருந்தின் சோதனை முடிவு இதைவிட நம்பிக்கை தருவதாக வந்தது. அதுவும் மறதி நோய்க்குப் பல வருஷங்களாகக் கொடுத்துவரும் மருந்துதான். கொள்ளை லாபத்துக்காக ஒரு நோயைக் கண்டுபிடித்தவர்கள் அதற்குப் புது மருந்து ஒன்றைக்கூடக் கொண்டுவராமல் இருந்திருக்கிறார்கள் என்று நம்பச் சொல்கிறார். (இவற்றை யாரும் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். யாருக்கு, எவ்வளவு என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது.)

நோய்ப் பெயர்களை எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்கிறார்கள் என்று அவர் கவலைப்படுவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மேசையை ஒழுங்காக வைப்பவர் எல்லாம் தனக்கு ஓசிடி என்று சொல்லித் திரிவதை நானும் பார்க்கிறேன். அதற்கான தீர்வு சரியான இடத்தில் காட்டிச் சோதிப்பது. தோல் மருத்துவர் பார்த்து அரிப்பு, சிரங்கு, ஒவ்வாமை ஏதும் இல்லை என்று சொல்லட்டும். சீழ் வைத்திருந்தால் அதற்கு மருந்து கொடுக்கட்டும், ஏனென்றால் ஆறாத புண்ணில் தொற்று ஏறினால் அது விளையாட்டல்ல. பிறகு மனநல மருத்துவர் பார்க்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, புறநோயாளிச் சீட்டு போட்டால் போதும்.

அந்தச் சீட்டைப் போடத்தான் நம் ஊரில் ஆள் இல்லை. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 2015-16. பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மனநோய் உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியேதான் இருக்கிறார்கள் என்று அது சொன்னது. நூற்றில் பதினைந்து பேர் மட்டுமே வாசல் வரை வருகிற நாட்டில், அந்தப் பதினைந்து பேரையும் பார்த்து இது உனக்குக் கொழுப்பு, வீட்டுக்குப் போ என்று சொல்ல ஒரு பத்திரிகை பக்கம் ஒதுக்கியிருக்கிறது. மருத்துவத்தைச் சந்தேகிக்க எழுத்தாளருக்கு உரிமை உண்டு, அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. ஒரு பத்தியைக்கூடப் புரட்டிப் பார்க்காமல், பாதிக்கப்பட்ட ஒருவரிடமும் பேசாமல், பெற்றோர் கையில் கயிற்றைக் கொடுத்ததற்காக வருகிறேன்.

ஆசிரியருக்கும் கட்டுரையாளருக்கும் என் கோரிக்கை இரண்டே. கையைக் கட்டச் சொன்ன பத்தியையும் உறவினர் முன்னால் வைத்துக் கேட்கச் சொன்ன பத்தியையும் பெயர் போட்டுத் திரும்பப் பெறுங்கள், உள்பக்க ஓரத்தில் பொடி எழுத்தில் அல்லாமல் கட்டுரை வந்த அதே பக்கத்தில். அந்தப் பக்கத்திலேயே 14416 என்ற எண்ணையும் பெரிதாக அச்சிடுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் இலவச மனநல உதவி எண் அது, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அடுத்த மாதம் பருவத் தேர்வு தொடங்குகிறது, அதற்கு முந்தைய இதழிலேயே வந்தாக வேண்டும்.